பத்து மோட்டாரை எங்கே விற்பது? யமஹா ஆளும் கரையில் ஒரு மின்மோட்டார்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு கொட்டிலுக்குள் தம்பிமார் இரண்டு பேர் படகுக்கு மின்மோட்டார் செய்கிறார்கள். செய்து, தண்ணீரில் ஓட்டியும் காட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பது விற்பனை. கையில் உள்ள காசுக்குப் பத்து செட் செய்யலாம். பத்தும் சரியான ஆட்களிடம் போய்ச் சேர்ந்தால் பதினோராவதைக் கேட்டு ஆள் வரும். பிழையான ஆட்களிடம் போனால், "அந்தக் கரண்ட் எஞ்சினோ? அது சரிவராது" என்ற கதை ஒரு கிழமைக்குள் புல்மோட்டையிலிருந்து வெருகல் வரைக்கும் போய்விடும். விற்பனைப் பக்கத்தில் காலம் கழித்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். சோலாரோ, தண்ணீர்ப் பம்போ, மென்பொருளோ, ஒரு பெரிய கம்பனி ஆளும் தொழிலுக்குள் புதுச் சாமானோடு இறங்க நினைக்கிற எவருக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

எதிரே நிற்பது யமஹா. 1960இலிருந்து படகு எஞ்சின் செய்கிற கம்பனி. அதன் பலம் எஞ்சினுக்குள் மட்டும் இருந்தால் போட்டி போடுவது அவ்வளவு கஷ்டமில்லை. பலம் கரையில் கிடக்கிறது. இந்தப் பக்கத்தில் எந்த மீன்பிடிக் கிராமத்துக்குப் போனாலும் யமஹாவைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார். பிளக், இம்பெல்லர், கியர் ஒயில் எல்லாம் டவுனில் வாங்கலாம். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற கைப்பழக்கம் பதினைந்து வயதுப் பொடியனுக்கும் உண்டு. வீட்டில் அவசரச் செலவு வந்தால் பழைய எஞ்சினை அன்றைக்கே விற்றுக் காசாக்கலாம். பெண்கள் கழுத்தில் கிடக்கும் சங்கிலி மாதிரி அதுவும் ஒரு சேமிப்பு. புது மோட்டாரை அடுத்த வருடம் எவன் வாங்குவான்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வரை, எவ்வளவு நல்ல மோட்டாராக இருந்தாலும் தொழிலாளி கண்ணில் அது காசை முடக்குகிற சாமான்தான்.

ஆகவே தம்பிமாருக்கு நான் முதலில் சொன்னது, "யமஹாவை விடத் திறம்" என்று எங்கேயும் பேச வேண்டாம் என்பது. அந்த ஒப்பீட்டில் இறங்கினால் ஒவ்வொரு வரியாக யமஹாதான் வெல்லும். யமஹாவோடு ஒப்பிடவே வேண்டிய தேவை இல்லாத இடம் எது என்று தேட வேண்டும். அப்படித் தேடியதில் நான்கு வழி தெரிந்தது.

கடற்றொழிலாளர்

ஆட்கள் தொகை அதிகம், எரிபொருள் செலவு அதிகம், வயிற்றெரிச்சலும் அதிகம். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியபோது கரையில் இழுத்துவைத்த படகுகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. தம்பிமாருக்கு இந்த மோட்டார் யோசனை பிறந்ததே அந்த நாட்களில்தான். அதனால் அவர்களுடைய மனம் முழுக்க இந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.

கணக்குப் பார்த்தால் நிலைமை வேறு. 15 குதிரைவலு என்பது 11 கிலோவாட். அந்த வலுவில் மூன்று மணிநேரம் ஓட 33 யூனிட் (கிலோவாட்மணி) மின்சாரம் வேண்டும். தம்பிமார் பாவிப்பது லித்தியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரி; பெட்டியோடு சேர்த்து ஒரு யூனிட்டுக்குப் பத்துக் கிலோ என்று வைத்தால் 330 கிலோ வருகிறது. அதே ஓட்டத்துக்கு யமஹா குடிக்கும் மண்ணெண்ணெய் சுமார் 20 லீற்றர், நிறை 16 கிலோ. பதினெட்டு அடி பைபர் போட்டில் 330 கிலோ பற்றரியை ஏற்றினால் வலைக்கும் ஐஸ்பெட்டிக்கும் ஆளுக்கும் எங்கே இடம்?

இன்னொன்று கணக்கில் வராதது. கரையில் வைத்து மோட்டாரைக் காட்டியபோது சுற்றி நின்றவர்களில் ஒரு பெரியவர் கேட்டார்: "தம்பி, நடுக்கடலில எனக்கு மண்ணெண்ணெய் முடிஞ்சா பக்கத்துப் போட்டுக்காரனிட்ட ரெண்டு லீற்றர் வாங்கிக்கொண்டு வருவன். கரண்ட் முடிஞ்சா ஆரிட்ட வாங்கிற?" தம்பி ஒருவன் பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் திரையைக் காட்டினான். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, முடியப்போகுது எண்டு சொல்லும், முடிஞ்சா என்ன செய்யிறதெண்டு சொல்லுமோ என்றார். நான் இந்த விடயத்தில் பெரியவர் பக்கம். கடலில் ஒருவனுக்கு ஒருவன் கைமாற்றுக் கொடுக்க முடிவதுதான் மண்ணெண்ணெயின் பெரிய வசதி. பிளக்கும் அப்படித்தான், சில வேளை எஞ்சினும் அப்படித்தான். எல்லாரும் ஒரே எஞ்சின் வைத்திருப்பதால் வருகிற பாதுகாப்பு அது. பத்துப் பேரிடம் மட்டும் வேறு எஞ்சின் இருந்தால் அந்தப் பத்துப் பேரும் கடலில் தனித்தவர்கள்.

1959இல் ஹொண்டா அமெரிக்காவுக்கு மோட்டார் சைக்கிள் விற்கப் போனபோது நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஹார்லி டேவிட்சன் ஓடுகிற நாடு என்று பெரிய வண்டிகளைக் கொண்டுபோனார்கள். அமெரிக்கர்கள் ஜப்பானியரை விட அதிக தூரமும் அதிக வேகமும் ஓட்டுகிறவர்கள். வண்டிகளில் ஒயில் ஒழுகியது, கிளட்ச் போனது. அந்த நேரம் லொஸ் ஏஞ்சலிஸில் ஊழியர்கள் கடைக்குப் போய்வர வைத்திருந்த சுப்பர் கப் என்ற சின்ன 50 சிசி மோட்டார் சைக்கிளைத்தான் ஆட்கள் நின்று விசாரித்தார்கள். அதை விளையாட்டு உபகரணக் கடைகளில் வைத்தும் விற்றார்கள். ஹார்லி ஓட்டாத ஆட்களே வாங்கினார்கள். 1963இல் வந்த அவர்களுடைய பிரபலமான விளம்பரமும், ஹொண்டா ஓட்டுகிறவர்கள் நல்ல மனிதர்கள் என்றுதான் சொன்னது. வேகத்தைப் பற்றிய பேச்சே இல்லை. பெரிய வண்டிகளில் ஹொண்டா நிலைத்தது அதன் பிறகுதான்.

கடற்றொழிலாளரிடம் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் பத்தோடு போகக் கூடாது.

களப்பு

தம்பலகாமக் களப்பு, கிண்ணியாத் துறையடி, உட்துறைமுகத்தின் ஓரம். காற்றுக்கு ஒதுக்கான தண்ணீர், குறுகிய தூரம், சின்னத் தோணி. இரண்டு கிலோவாட் மோட்டாரே போதும். நின்றுபோனாலும் தண்டு வலித்துக்கொண்டு கரைக்கு வரலாம். தொழில்நுட்பத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

சிக்கல் காசில் இருக்கிறது. களப்பில் இறாலும் நண்டும் பிடிக்கிறவர் ஒரு நாளைக்கு எரிக்கிறதே கொஞ்ச எண்ணெய்தான். பலர் எஞ்சினே இல்லாமல் தொழில் செய்கிறார்கள். செலவில்லாதவனுக்கு நீங்கள் எதை மிச்சம் பிடித்துக் கொடுப்பீர்கள்? நிறைய எரிக்கிறவருக்குப் பற்றரி காணாது, பற்றரி காணுகிறவர் எரிப்பதே இல்லை. மின்படகு விற்க வருகிற எல்லாரும் விழுகிற பள்ளம் இது. இரண்டுக்கும் நடுவில், ஒரு நாளைக்குப் பலதரம், குறுகிய தூரம், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற படகைத்தான் தேட வேண்டும்.

இருபது வருடத்துக்கு முந்தி இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிண்ணியா பெரியாக, அதாவது ஆட்களை அக்கரை சேர்க்கிற படகுச் சேவையாக, இருந்திருக்கும். 2009இல் 396 மீற்றர் பாலம் திறந்தது. பெரியின் கதை அதோடு முடிந்தது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையில் 2017 ஜனவரியிலிருந்து ஓடுகிற ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றுகிறது. அங்கே பாலம் இல்லாத காயல், ஒரே தடம், ஒரே துறை. அந்தப் படகைச் செய்தவர்கள் மீனவர் கரைக்குப் போகாமல் அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறையிடம் போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிலாவெளியும் புறாமலையும்

நிலாவெளிக் கரையிலிருந்து புறாமலைத் தீவு ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. பருவகாலத்தில் காலையிலிருந்து படகுகள் ஆட்களை ஏற்றிப் போய், இறக்கி, காத்திருந்து, ஏற்றி வருகின்றன. போவதும் வருவதும் குறுகிய ஓட்டம். கரை எப்போதும் கண்ணுக்குள் நிற்கும். நின்றுபோனால் கைகாட்டினால் அடுத்த படகு வரும்.

இங்கே கணக்கு ஒத்துவருகிறது. மணிக்கு ஒன்பது கிலோமீற்றர் வேகத்தில் எட்டுப் பேரோடு போக நான்கு கிலோவாட் என்று வைப்போம். ஒதுக்குவது, திருப்புவது எல்லாம் சேர்த்து ஒரு தடவை போய்வர ஒன்றரை யூனிட். ஐந்து தடவைக்கு ஏழரை. தம்பிமாரின் ஒரு பற்றரிப் பெட்டி 48 வோல்ட் 50 அம்பியர்மணி, அதாவது 2.4 யூனிட். நான்கு பெட்டி வைத்தால் 9.6, இரண்டு யூனிட் கையிருப்பு நிற்கும். படகைப் பறக்கவிட ஆசைப்பட்டால் எல்லாம் கெட்டது. வேகம் இரட்டித்தால் வலு இரட்டிப்பதோடு நிற்காது, பல மடங்கு கேட்கும். ஒரு கிலோமீற்றர் ஓட்டத்தில் ஐந்து நிமிடம் பிந்துவதைச் சுற்றுலா வந்தவர் பொருட்படுத்த மாட்டார். அவர் கடலைப் பார்க்கத்தானே வந்தார்.

பெட்டி ஒன்று சுமார் 24 கிலோ. இது தற்செயலாக அமைந்த எண் இல்லை. நிலாவெளியில் படகு ஏறுவதற்குப் பாலம் கிடையாது. அலைக்குள் இறங்கி நின்றுதான் ஏற வேண்டும். கரையில் பிளக் பொயின்டும் இல்லை. பற்றரியைத் தோளில் வைத்து மணலில் நடந்து ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே பற்றரியாக 90 கிலோவில் செய்திருந்தால் நான்கு பேர் தூக்க வேண்டும், முதல் கிழமையிலேயே ஒரு நாள் உப்புத் தண்ணீருக்குள் விழுந்திருக்கும். அரிசி மூட்டை தூக்குகிற கைக்கு 24 கிலோ ஒரு பொருட்டில்லை. பின்னேரம் சார்ஜுக்குப் போட்டால் சாதாரண 13 அம்பியர் பிளக்கில் நான்கு பெட்டியும் நான்கு மணிநேரத்துக்குள் நிறைந்துவிடும்.

படகோட்டிக்கு என்ன இலாபம்? எண்ணெய்ச் செலவு ஒன்று. எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது பேச்சு. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் பயணிகளிடம் ஏதாவது சொல்வதென்றால் கத்த வேண்டும். அதனால் சொல்லவே மாட்டார். மின்மோட்டாரில் கூட்டிப்போன அன்று, படகோட்டி தன் சாதாரணக் குரலில் பவளத்தைப் பற்றியும், கறுப்புச் செட்டைச் சுறா எந்தப் பக்கம் வரும் என்பதைப் பற்றியும் கதைத்துக்கொண்டே போனார். இறங்கும்போது பயணிகள் அவருக்குக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். எண்ணெய் மிச்சத்தை விட அந்தக் காசுதான் அவருடைய முகத்தில் தெரிந்தது.

திமிங்கிலம் பார்க்கப் போகிற படகுகளுக்கும் கொடுக்கலாமே என்று ஒரு ஹோட்டல்காரர் சொன்னார். சத்தமில்லாத படகு, திமிங்கிலத்துக்கும் நல்லது, விளம்பரத்துக்கும் அழகு. சொல்லக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் படகுகள் திறந்த கடலில் வெகுதூரம், வேகமாக, எங்கே போகிறோம் என்று முன்கூட்டித் தெரியாமல் ஓடுகின்றன. மீன்பிடிப் படகுக்குச் சொன்ன அத்தனை தடையும் அங்கே திரும்ப வரும், கூடவே உள்ளே வெளிநாட்டார் இருப்பார்கள். அழகான விளம்பர வசனத்துக்காகச் சந்தையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

முகவர் வழி

நான்காவது வழி, ஏற்கனவே எஞ்சின் விற்கிற கடைகளிடமே மோட்டாரைக் கொடுப்பது. கடை இருக்கிறது, லீசிங் தொடர்பு இருக்கிறது, ஆட்கள் நம்புகிறார்கள். அந்தக் கடைக்காரர் நாளைக்கு நான்கு யமஹா விற்கிறவர் என்றால் உங்கள் மோட்டார் மூலையில் தூசி பிடிக்கும். உதிரிப்பாகம் விற்றுச் சம்பாதிக்கிறவருக்கு, உதிரிப்பாகமே அதிகம் தேவைப்படாத சாமானில் என்ன அக்கறை? இதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஆனால் யமஹாவின் தோளில் ஏற இன்னொரு வழி உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. எஞ்சின் தலை செத்துப்போய், தண்ணீருக்குள் இறங்குகிற கீழ்க்கால் நல்லபடி இருக்கிற பழைய யமஹாக்கள் பழைய இரும்புக் கடைகளிலும் வீட்டுப் பின்பக்கங்களிலும் கிடக்கின்றன. தம்பிமார் அந்தத் தலையைக் கழற்றிவிட்டு, அதே காலின் மேல் மின்மோட்டாரைப் பூட்டுகிறார்கள். கியர், தண்டு, விசிறி, படகில் இறுக்குகிற கிளாம்ப் எல்லாம் பழையதே. விசிறி பாறையில் அடிபட்டால் டவுனில் வாங்கலாம். கியர் ஒயில் மாற்ற ஊர் மெக்கானிக்குக்கே தெரியும். மேலே உள்ள புதுப் பகுதிக்கு மட்டும் தம்பிமாரைக் கூப்பிட்டால் போதும். மெக்கானிக் இந்தச் சாமானுக்கு எதிரியாக மாட்டார். அவர் எதிரியானால் விற்பனை முடிந்தது. எந்தப் படகுக்காரரும் வாங்க முன் அவரைத்தான் கேட்பார். ஒரு எச்சரிக்கை: பழைய காலில் உள்ள பெயரை வைத்துப் புது மோட்டாரை விளம்பரம் செய்யப் போகக் கூடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வணிகக் குறியைப் பாதுகாக்கிறது. பெயரை அழித்து, நிறம் மாற்றி, தங்கள் பெயரைப் போட வேண்டும்.

எதைத் தேர்ந்தேன்

பத்தில் ஆறை நிலாவெளிக்குக் கொடுக்கச் சொன்னேன். இரண்டை எங்கேயும் கொடுக்காமல் கொட்டிலில் வைத்திருக்க வேண்டும்; ஒரு படகில் பழுதென்று போன் வந்தால் அன்றைக்கே கொண்டுபோய் மாற்றிக் கொடுத்துவிட்டு, பழுதைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். யமஹாவுக்கு ஊருக்கு ஒரு மெக்கானிக் இருப்பதற்கு எதிராக, இரண்டு பேர் கம்பனியால் கொடுக்கக்கூடியது இந்த வேகம் மட்டும்தான். தம்பிமாருக்கு இது வீணாகப் பட்டது. விற்கக்கூடியதைப் பூட்டிவைப்பதா என்றார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. மிச்சம் இரண்டு கிண்ணியாப் பக்கம், கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வழியாக, பழகிப் பார்க்க.

அதோடு, யமஹாவைக் கழற்றச் சொல்லக் கூடாது. அது படகிலேயே இருக்கட்டும். மின்மோட்டாரைப் பக்கத்தில் ஒரு பிடியில் பூட்டுவது, இரண்டாவது எஞ்சினாக. காற்று எழும்பினால், பற்றரி குறைந்தால், அவசரமென்றால் அவர் யமஹாவை இழுத்து ஸ்டார்ட் பண்ணுவார். "நடுக்கடலில் நின்றால்?" என்ற கேள்வியே எழாது. யமஹாவை விடுகிறாயா என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவரும் ஆம் என்று சொல்ல மாட்டார். இதையும் வைத்துக்கொள் என்றால் நான்கைந்து பேராவது சொல்வார்கள்.

விலைக்கு விற்பதா, வாடகையா என்பதில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. கடலூரிலிருந்து 1983இல் தொடங்கிய சிக் சாம்பு, பெரிய கம்பனிகளோடு மோதியது போத்தலை விட்டுச் சிறிய பாக்கெட்டில்தான். தினக்கூலிக்காரர் கையில் அன்றைக்கு இருக்கிற சில்லறைக்கு வாங்கக்கூடிய அளவு. ஐந்து வெறும் பாக்கெட் கொண்டுவந்தால் ஒன்று இலவசம் என்றார்கள். முதலில் எந்தக் கம்பனியின் பாக்கெட்டையும் வாங்கினார்கள், பிறகு தங்கள் பாக்கெட்டை மட்டும். படகோட்டியின் வருமானமும் நாளாந்தம் வருவது, பருவத்தோடு நின்றுவிடுவது. லட்சக்கணக்கில் முதல் போடச் சொல்வதை விட ஓடின நாளுக்கு மட்டும் வாடகை கேட்பது அவருக்கு ஏற்றது. பற்றரி பழசானால் யாருடைய நட்டம், திரும்ப விற்க முடியுமா என்ற கவலை இரண்டும் தம்பிமார் தலையில் விழுகிறது. அவர்களுக்கு அது பாரம்தான். ஆனால் முதல் இரண்டு பருவத்துக்கு அந்தப் பாரத்தைச் சுமக்க ஆயத்தமில்லாத கம்பனி, தன் மோட்டாரைத் தானே நம்பவில்லை என்றுதான் கரை எடுத்துக்கொள்ளும்.

வாடகையில் இன்னொரு வசதியும் உண்டு. வாடைக்காற்று தொடங்கினால் நிலாவெளிக் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறிவிடும். விற்ற மோட்டார் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். வாடகை மோட்டார் அந்த மாதங்களில் களப்புப் பக்கம் போகலாம். களப்புக்காரருக்கு முழு விலை கட்டுப்படியாகாது. நிலாவெளியில் உழைத்துவிட்டு வந்த மோட்டாரைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தால் கட்டுப்படியாகும்.

பேசுகிற விதத்தையும் ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். படகோட்டியிடம் சுற்றாடல், காபன் என்று தொடங்கினால் அவர் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்குவார். அவருக்கு ஒரு தடவை போய்வர எவ்வளவு, எத்தனை மணிக்கு ஆள் வந்து பழுது பார்க்கும், இது இரண்டும் போதும். ஹோட்டல்காரரிடம் பவளத்தையும் அமைதியையும் பேசலாம். சார்ஜ் போட இடம் தரக்கூடியவரும் அவர்தான். கூரையில் சோலார் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

யமஹா தூங்குகிறது என்று நினைத்து இந்தக் கணக்கு எதையும் போடவில்லை. 2005இல் ஜேர்மனியில் தொடங்கிய டோர்கீடோ, படகு மின்மோட்டாரில் பேர்பெற்ற கம்பனி. 2017இல் டொய்ட்ஸ் என்ற எஞ்சின் கம்பனி அதை வாங்கியது. 2024இல் யமஹா அதை டொய்ட்ஸிடமிருந்து வாங்கிவிட்டது. ஆக, இன்றைக்கு அல்லது நாளைக்கு யமஹாவின் முத்திரையோடே மின்மோட்டார் இந்தக் கரைக்கு வரும், தம்பிமாருடையதை விட நன்றாகவே இருக்கும். அந்த நாளில் கையில் மோட்டார் மட்டும் இருந்தால் கடை மூட வேண்டியதுதான். சார்ஜ் பண்ணுகிற இடங்களும், சுழற்சியில் ஓடுகிற பற்றரிகளும், பேர் சொல்லிக் கூப்பிடுகிற படகோட்டிகளும் இருந்தால், வந்தவன் இவர்களிடம்தான் பேச வேண்டிவரும். வேண்டுமென்றால் அவனுடைய மோட்டாரையே வாங்கி வாடகைக்கு விடலாம்.

இப்போதைக்கு முடிவாகாமல் கிடப்பது சார்ஜ் அலுமாரி எங்கே வைப்பது என்பது. ரோட்டோரத்தில் ஒரு கடைக்காரர் பின் விறாந்தையைத் தருகிறேன் என்கிறார், மின்சார பில்லில் பங்கு கேட்கிறார். கரைக்குக் கிட்ட ஒரு விடுதிக்காரர் இலவசமாகவே தருகிறாராம், ஆனால் தன்னுடைய விருந்தினரை ஏற்றுகிற படகுகளுக்கு மட்டும். நான் கடைக்காரரிடம் பேசி, தனி மீற்றர் ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன்.